கழிவுமேடு செத்த நிலமா?

ஈயமும் செம்பும் துத்தநாகமும் எடுத்தபின் சுரங்கத்தார் குவித்துவிட்டுப் போகும் கழிவுமேட்டில் புல் பூண்டு முளையாது என்றும், முளைத்தாலும் நிலையாது என்றும், வேறிடத்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவதைத் தவிர அதற்கு விமோசனமே கிடையாது என்றும் ஓர் அபிப்பிராயம் படித்தவரிடையேயும் வேரூன்றியிருக்கிறது. இம்மூன்றையும் தனித்தனியே எடுத்து ஆராய்வது அவசியம்.

முதலாவது, உலோக விஷம் தோய்ந்த மண்ணில் எதுவும் முளையாது என்பது. வேல்ஸ் நாட்டின் பழைய ஈயச் சுரங்கக் கழிவின்மேல் வளர்ந்திருந்த ‘அக்ராஸ்டிஸ்’ என்னும் சாதாரணப் புல், அவ்விஷத்தைத் தாங்கும் தன்மை பெற்றிருக்கிறதென்று தாவர விஞ்ஞானி ஆந்தனி பிராட்ஷா 1952-இலேயே எடுத்துக்காட்டினார். உலோகம் கரைத்த நீரில் வேர்விட வைத்துப் பார்த்தால், சுரங்கமேட்டுப் புல் தடையின்றி வேரிறக்க, அடுத்த மேய்ச்சல் நிலத்துப் புல்லின் வேரோ அரும்பிய இடத்திலேயே குன்றிப்போகிறது. இச்சுபாவம் தோன்ற யுகங்கள் வேண்டுமே என்பார்க்கு, மின்கோபுரங்களின் துத்தநாகப் பூச்சு மழையில் கரைந்து இறங்கிய மண்ணில் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே அத்தகைய புல் உருவாகிவிட்டமை தக்க விடையாகும்.

இரண்டாவது, முளைத்தாலும் நிலையாது என்பது. சாதாரண விதையைத் தூவி எருவிட்டவர்கள், முதற்பருவத்தில் பசுமையையும் ஓரிரு வருஷங்களில் அது கருகிப்போவதையும் கண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டது உண்மையே, ஆனால் குற்றம் விதையில் இருந்தது. விஷம் தாங்கும் விதையை எருவின்றித் தூவினாலும் பயிர் மெலிந்தே நிற்கும். ஏனெனில் அரைத்த பாறையாகிய அக்கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகச் சொற்பம். தக்க விதையும் தக்க உரமும் சேர்ந்தபோது பசுமை நிலைத்தது. இவ்வாறே சுண்ணாம்பு கலந்த ஈய, துத்தநாகக் கழிவுக்கு ‘மெர்லின்’, அமிலக் கழிவுக்கு ‘கோகினான்’, செப்புக் கழிவுக்கு ‘பாரிஸ்’ என மூன்று புல் ரகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு வழக்கிற்கு வந்தன.

மூன்றாவது, வேற்று மண்ணே கதி என்பது. மெல்லிய படலமாகப் பரப்பினால் வேர் கீழிறங்கி விஷத்தைத் தொடும். உலோக உப்பும் மெல்ல மேலேறும். கனமாகப் பரப்பினாலோ செலவு பெருகுவதோடு, ஒரு மேட்டை மூடுவதற்காக எங்கோ ஒரு விளைநிலத்தின் மேல்மண்ணைச் சுரண்டிய பாவமும் சேரும்.

இப்புல் உலோகத்தை அகற்றிவிடும் என்றோ, மேட்டில் மாடு மேய்க்கலாம் என்றோ நான் வாதிக்கவில்லை. இலையிலும் உலோகம் ஏறுமாதலால் மேய்ச்சல் ஆகாது. ஆயினும் காற்றில் ஈயத்தூள் பறப்பதையும் மழையில் கழிவு கரைந்து ஓடையில் சேர்வதையும் தடுக்கவல்லது அந்தப் பசும்போர்வையே. செத்த நிலம் என்று தீர்ப்பளித்துக் கைகழுவுகிறவர்கள், அத்தூளையும் அந்நீரையும் கீழேயுள்ள ஊராரின் தலையில் சுமத்துகிறார்கள். ஆகையால் சுரங்கத்தை மூட வருகிறவர்கள், மண் லாரிக்குச் சொல்லியனுப்புமுன், அம்மேட்டின் ஓரத்தில் தானாகவே நிற்கும் புல்லின் விதையைச் சேகரிக்கக் கடமைப்பட்டவர்கள்.