சூன் திங்களில் திறக்க வேண்டிய கதவு

ஊரின் பெயரிலேயே நெருப்பு இருக்கிறது. திருப்பூருக்கு வடபால் அமைந்து, 2011 இல் மாநகராட்சியோடு இணைந்துவிட்ட நெருப்பெரிச்சலைத்தான் சொல்கிறேன், நண்பர்களே! பொதுக்கூட்டம் ஒன்றில் பேசிவிட்டு, அன்றிரவு அங்கே தோழர் ஒருவர் இல்லத்திலே தங்கினேன். பொழுது புலர்ந்தது. பள்ளிகள் திறந்து இரண்டாம் வாரம். சீருடை அணிந்த சிறார் ஒரு பக்கம் நடக்க, அவர்களுக்கு எதிர்த்திசையிலே, கையில் தூக்குப்போசியுடன் ஒரு சிறுவன் போய்க்கொண்டிருந்தான்.

"பள்ளிக்கூடம் போகவில்லையா தம்பி?" என்றேன்.

"லீவுல கைமடிக்கப் போனனுங்க. அப்படியே நின்னுட்டனுங்க. பத்தாவது கணக்கு எனக்கு வராதுங்க. போனாத் தோத்துருவேன். இங்கன்னா சனிக்கிழமையானாக் காசு வருதுங்க."

"இதை யாரிடமாவது சொன்னாயா?"

"யாருகிட்டங்க சொல்றது?"

கூட்டத்திலே கேள்விக்கணை தொடுப்போரைச் சமாளித்துப் பழகிய நாவுதான் இது. அந்தச் சிறுவனுக்கு விடை சொல்ல அதனால் முடியவில்லை. கல்லூரிப் படிப்பை நடுவிலே விட்டு வந்தவன் நான். விட்ட நாளிலே, "ஏன்?" என்று என்னைக் கேட்க ஒருவரும் இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மேடை ஒரு பேச்சாளனை இழந்திருக்கும். அதனால் நாட்டுக்கு நட்டம் என்று நான் நினைக்கவில்லை!

நம் நாட்டிலே 'கவுன்சிலிங்' என்ற சொல்லை அறியாதவர் இல்லை. பொறியியல் கல்லூரியில் இடம் ஒதுக்குவதற்கு அந்தப் பெயர். ஆசிரியருக்கு ஊர் மாற்றம் தருவதற்கும் அதே பெயர். நாற்காலிக்குக் கவுன்சிலிங் உண்டு. நாற்காலியில் அமர வேண்டிய பிள்ளையின் நெஞ்சத்துக்கு எங்கே? பொதுத்தேர்வு நெருங்கும்போது யாரோ ஒருவர் வருகிறார். அஞ்சாதே என்று அரை மணி நேரம் பேசுகிறார். கைதட்டு வாங்கிக்கொண்டு போகிறார். முகம் தெரியாதவரிடம் மூடிய மனத்தை யார் திறப்பார்? மேலும், சூனிலேயே நின்றுவிட்ட சிறுவன் மார்ச்சு மாதத்து மண்டபத்திலே இருக்கவே மாட்டானே!

இது புதிய கோரிக்கை என்று எண்ணாதீர்கள். 1952-53 இலேயே, நம் லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான உயர்நிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்து 1964-66 இல் கோத்தாரி குழு, பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கேனும் ஓர் ஆலோசகர் சுற்றிவரட்டும் என்று இறங்கி வந்தது. 2013 இல் தமிழகம் நடமாடும் ஆலோசனை மையங்களைத் தொடங்கியபோது, பத்துப் பள்ளிக்கு ஒருவர் என்பது போய், மாநிலம் முழுமைக்கும் பத்து வண்டிகள் என்றாயிற்று! இல்லாததற்கு அது மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் வண்டி வரும் நாளில்தானா பிள்ளைக்கு வேதனை வரும்?

14417 உண்டே, 14416 உண்டே என்பீர்கள். உண்டு, நன்று. ஆனால் ஒற்றை அறை வீட்டிலே, அப்பன் கையிலிருக்கும் ஒரே தொலைபேசியிலே, அப்பனைப் பற்றிய துயரத்தை மகள் எப்படிப் பேசுவாள்?

2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 2025 சூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற பதினேழு வயது மாணவியின் மரணம் குறித்த வழக்கிலே உச்சநீதிமன்றம் ஆணையிட்டது: நூறு மாணவரோ அதற்கு மேலோ உள்ள எந்தக் கல்வி நிலையமும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும், தேர்வுக் காலத்திலும், ஒரு வகுப்பிலிருந்து மறு கட்டத்துக்கு மாறும் காலத்திலும் சிறப்பாகத் துணை நிற்க வேண்டும். மாறும் காலம் எது? சூன் அல்லவா? ஐந்து முடித்து ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி புகுவதும், பத்து முடித்துக் கணிதமா வணிகவியலா என்று திகைப்பதும் அந்தத் திங்களிலேதானே!

"ஆசிரியர் இருக்கிறாரே, போதாதா?" என்று கேட்கும் நண்பருக்கு ஒரு சொல். ஆசிரியர் அன்புடையவராகவே இருக்கட்டும். மதிப்பெண் இடுபவரும் அவரே. கணக்கு வராது என்பதைக் கணக்கு ஆசிரியரிடமே சொல்லும் துணிச்சல் எத்தனை பிள்ளைகளுக்கு உண்டு?

நேரம் ஏது என்பாரும் உளர். போட்டுப் பார்த்தேன் கணக்கு. ஐந்நூறு பிள்ளைகள், ஆளுக்குப் பத்து நிமிடம், ஐயாயிரம் நிமிடம். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் பதினேழு நாள். சூனில் தொடங்கினால் சூலைக்குள் பள்ளியின் ஒவ்வொரு பிள்ளையும், "என்னை ஒருவர் தனியே அழைத்துப் பெயர் கேட்டார், வீட்டில் யார் யார் என்று கேட்டார்" என்று சொல்லும். வராத பிள்ளை எது என்பதும் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். துன்பம் வந்த நாளிலே தட்டுவதற்குப் பழகிய கதவு ஒன்று இருக்கும்.

பனியன் ஊருக்கென்று தனித் தேவைகளும் உண்டு. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்பும் தாயை, புதன்கிழமை முற்பகலில் கூட்டத்துக்கு வா என்றால் எப்படி வருவாள்? ஆலோசகர் அவளைப் பார்க்க வேண்டிய நாள் ஞாயிறு. தேனியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஊர்தான் புதிது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைக்கோ ஊரும் புதிது, மொழியும் புதிது. இந்தி ஆதிக்கத்தை எதிர்த்தவர்கள் நாம், இனியும் எதிர்ப்போம். அதனாலேயே, தன் தாய்மொழியில் அழும் உரிமை அந்தக் குழந்தைக்கும் உண்டு என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? அந்த மொழி அறிந்த ஒருவரை மாதம் இருமுறையேனும் அழைத்து வருவது முடியாத செயலன்று.

பள்ளி மேலாண்மைக் குழுவிலே பெற்றோர் உறுப்பினராக அமர்ந்திருக்கும் தோழர்களே, அடுத்த கூட்டத்திலே மூன்று கேள்விகளை எழுப்புங்கள். உச்சநீதிமன்றம் சொன்ன ஆலோசகர் நம் பள்ளிக்கு யார்? அவர் அமர அறை எது? சென்ற ஏப்ரலில் வகுப்பில் இருந்து, இந்தச் சூனில் இல்லாதவர் எத்தனை பேர்? மூன்றாவது கேள்விக்கு விடை எண்ணாக வந்தால் ஏற்காதீர்கள், பெயர்களாகக் கேளுங்கள். பெயர் கிடைத்த அன்று மாலையே, ஷிப்ட் விடும் நேரத்திலே, கம்பெனி வாசலுக்குச் செல்லுங்கள். தூக்குப்போசியோடு வெளியே வருவான் அந்தச் சிறுவன்.