எள்ளோடு வரும் மணல்... தேயும் இரும்பு!

விருதுநகர் என்றதும் பரோட்டாவுக்கு அடுத்து நினைவுக்கு வருவது நல்லெண்ணெய்தான். அதைப் பிழியும் எக்ஸ்பெல்லருக்குள் ஒரு இரும்புத் திருகு சுற்றுகிறது. மில்லில் அதன் பெயர் ‘வார்ம்’. எள்ளை நெருக்கித் தள்ளி, கசக்கி, எண்ணெய் எடுப்பது அதன் வேலை.

வார்மைத் தின்பது எள் அல்ல. எள்ளோடு ஒட்டி வரும் களத்து மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், பட்டறையில் இரும்பை ராவும் அரத்தைக்கூட கீறிவிடும். சாதா இரும்பு எம்மாத்திரம்? திருகின் விளிம்பு தேயத் தேய இடைவெளி கூடும், அழுத்தம் குறையும், எண்ணெய் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். 1 டன் பிண்ணாக்கில் 1 சதவீதம் கூடுதலாகத் தங்கினாலே 10 கிலோ எண்ணெய் போச்சு. மாட்டுக்குக் கொண்டாட்டம்!

மொத்த வார்மையும் கடினமான உலோகத்தில் செய்துவிடலாமே என்று தோன்றும். கடினமானது அதிர்ச்சி தாங்காது, உடையும். அதனால் உள்ளே தாங்குகிற இரும்பு, மேலே மட்டும் கெட்டித் தோல். இதுதான் ‘ஹார்ட்ஃபேசிங்’. தேய்ந்த விளிம்பில் குரோமியமும் கார்பனும் கலந்த ராடால் வெல்டிங் வைப்பார்கள். ஆறும்போது உருவாகும் குரோமியம் கார்பைடு, மணலைவிடக் கடினம். அந்தப் படலத்தில் முடி போலக் குறுக்கு விரிசல் விழும். பதற வேண்டாம், இந்த ரகத்துக்கு அது இயல்பு. படலம் பெயர்ந்தால்தான் வம்பு. 2, 3 அடுக்கோடு நிறுத்துவது அதனால்தான்.

(இதே மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் கதை தலைகீழ். மருந்து கலக்கும் இடத்தில் இரும்புக் கருவியே ஆகாது. உரசினால் பொறி பறக்கும்!)

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஐ.டி.ஐ.களில் வெல்டர் படிப்பு 1 வருடம். உருட்டுக் கம்பி மேல் ஹார்ட்ஃபேசிங் வைப்பதும் அதன் செய்முறையில் உண்டு. லேத் பட்டறையில் வேலைக்குச் சேரும் பையன்களுக்குக் கைகொடுக்கும் வித்தை. ஆனால், குரோமியம் ராடு எரியும் புகையில் ‘குரோமியம் 6’ இருக்கும். அது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2017-ல் வெல்டிங் புகை மொத்தத்தையுமே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்தது.

பட்டறைக்குக் காற்றோட்டம் வேண்டும், புகையை உறிஞ்சும் ஃபேன் வேண்டும், முகத்துக்குச் சரியான ஃபில்டர் மாஸ்க் வேண்டும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது உதவாது. புகைத் துகள், அந்தத் துணியின் இழை இடைவெளியைவிடப் பல மடங்கு சின்னது.