கேஸ் வந்தது, குளிர் போகலையே

போன தை மாசம் காவலூர் வானாய்வகம் பார்க்க வந்த ஒரு கூட்டம் எங்க வீட்டில் காபி குடிக்க நின்றார்கள். சென்னைப் பிள்ளைகள், நல்ல பிள்ளைகள்தான். அதில் ஒரு பெண் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், கேஸ் கனெக்ஷன் இருக்கே, அப்புறம் ஏன் இன்னும் விறகு? ஆன்ட்டிக்குப் புகை நல்லதில்லையே" என்று கேட்டாள். கேள்வியில் தப்பு இல்லை. ஆனா அன்று ராத்திரி அதே கூட்டம், தங்கின இடத்தில் காசு கொடுத்து கேம்ப் ஃபயர் போட்டுச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தார்கள். நீங்க எரிச்சா அனுபவம், நாங்க எரிச்சா அறியாமை. இந்தக் கணக்கு எனக்குப் புரியல.

ஜவ்வாது மலைன்னா உங்களுக்கு பீமன் அருவி, தேன், சாமை, பலாப்பழம். மார்கழியில் வந்து எங்க வீட்டில் நாலு ராத்திரி படுத்துப் பாருங்க. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு பெரியவங்க சொன்னது விளையாட்டுக்கு இல்லை. விடியற்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனா விரல் மடங்காது.

எங்க வீடு அப்பா கட்டினது. மண் சுவர், மேலே மஞ்சம்புல் கூரை. அடுப்பு நடு வீட்டில். அந்த ஒரு அடுப்புதான் சோறு ஆக்கும், குளிக்க வெந்நீர் போடும், ராத்திரி தணல் மூடி வெச்சா விடியற வரைக்கும் வீடு கதகதன்னு இருக்கும். புகை ஏறிப் பரண் மேல தொங்குற சோளக் கதிரிலும் விதையிலும் வண்டு விழாது. கூரைப் புல்லும் சீக்கிரம் உளுத்துப் போகாது. இத்தனை வேலை செய்கிற ஒன்றுக்கு 'சமையல் அடுப்பு' என்று பேர் வைத்தது கீழ்நாட்டுக்காரங்க. 2016 மே மாசம் உஜ்வாலா திட்டம் ஆரம்பிச்சப்போ எத்தனை வீட்டுக்கு சிலிண்டர் போச்சுன்னு எண்ணினாங்க. எத்தனை வீட்டில் குளிர் போச்சுன்னு எண்ண அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

இதைச் சொன்னதும், பழசைக் கட்டிக்கிட்டு அழுகிறவன்னு நினைக்க வேண்டாம். எங்கம்மா இருமி இருமியே போய்ச் சேர்ந்தவங்க. எங்க வீட்டம்மாவுக்கு மூணு வருசமா மூச்சு இரைப்பு. டாக்டர் முதல்ல கேட்டதே "பீடி குடிப்பியா?"ன்னுதான். அவ சிரிச்சுட்டா. நாப்பது வருசம் ஊதாங்குழல் பிடிச்சவ பீடி வேற குடிக்கணுமா? திண்ணையில உட்கார்ந்து சுடுதண்ணி எங்கேன்னு கேட்ட என்னை மாதிரி ஆம்பளைங்க நெஞ்சுக்குள்ள அந்தப் புகை பாதிகூடப் போகல. அதனால் அடுப்பை மாத்தியே ஆகணும். எதை வெச்சு மாத்துறதுன்னுதான் சண்டை.

கேஸ் இருக்கு. காலைக் காபிக்கு, உடம்பு முடியாத நாளுக்கு அது தெய்வம். ஆனா 14.2 கிலோ சிலிண்டரை மலை ஏத்திக் கொண்டுவந்து குளிர் காய எரிக்க முடியுமா? 2022-ல் ஒரு சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டிச்சே, மறந்துட்டீங்களா? கதவைச் சாத்திக்கிட்டு கேஸ் அடுப்பையோ கரி நெருப்பையோ வெச்சுத் தூங்கினா என்ன ஆகும்னு நீங்களே பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அந்த விஷக்காத்துக்கு வாசனையும் கிடையாது.

ரூம் ஹீட்டர் வாங்கித் தரேன்னு மகன் சொன்னான். பெட்டியில 2000 வாட்ஸ்னு போட்டிருக்கு. ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். 2016-லிருந்து ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அதை வெச்சு 50 மணி நேரம் ஓட்டலாம். 60 ராத்திரிக்குப் பிரிச்சா ராத்திரிக்கு 50 நிமிசம். அதுக்கும் வீட்டில் ஒரு பல்புகூட எரியக் கூடாது. மீதி ராத்திரிக்குக் கம்பளிதான்.

"கான்கிரீட் வீடு போட்டுக்கோங்க" என்பவர்கள் இன்னொரு ரகம். கான்கிரீட் தளம் விடியக்காலம் ஐஸ் கட்டி மாதிரி. அதைவிட மோசம், புல் கூரையில் கொஞ்சமாவது கசிஞ்சு வெளியே போகும் புகை, தளத்தில் முட்டித் திரும்பி ஆள் தலை மேலேயே நிக்கும். தளம் போட்ட வீட்டுக்குள்ள குளிருக்குத் தீ மூட்டினவங்களைக் கேட்டுப் பாருங்க.

கடைசியில் நான் செஞ்சது இது. கொரியா நாட்டில் ஓண்டோல்னு ஒரு பழைய முறை இருக்காம். அடுப்புப் புகையைத் தரைக் கல்லுக்கு அடியில் ஓடவிட்டு, அந்தப் பக்கம் புகைபோக்கி வழியா வெளியே விடுறது. காஷ்மீரத்தில் ஹமாம்னு சொல்றதும் கல் தரைக்கு அடியில் தீ போடுறதுதான். மகன் போனில் படம் காட்டினான். எங்க வீட்டம்மா பார்த்துட்டு, "அப்போ நான் படுக்குற திண்ணைக்கு அடியில விடுங்க" என்றாள். அடுப்பை நடு வீட்டிலிருந்து சுவரோரம் நகர்த்தினோம். ஆறடி நீளத்துக்கு மண் திண்ணை, உள்ளே செங்கல் வெச்சுப் புகை வழி, மேலே கடப்பாக் கல்.

முதல் தடவை கொத்தனார் வழியைச் சமமாப் போட்டுட்டார், குறுகலாவும் போட்டுட்டார். தீ மூட்டின அஞ்சாவது நிமிசம் புகை அத்தனையும் வாய் வழியாத் திரும்பி வந்து எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். ஊரே சிரிச்சுது. பிரிச்சுட்டு, புகை போற பக்கம் ஏற்றமா வெச்சு, ஒரு சாண் அகலப்படுத்தி, குழாயைக் கூரை வழியா விடாம சுவர் வழியா வெளியே எடுத்து, கூரை முகட்டைவிட உயரமா நிறுத்தினோம். புல்லில் பொறி படக் கூடாது பாருங்க. இப்போ சாயங்காலம் சோறு ஆக்கினா நடு ராத்திரி தாண்டியும் கல்லில் சூடு நிக்குது. விறகுக்கு மரம் வெட்டுறதில்லை. துவரை மாரும், காட்டை அடைச்சுக் கிடக்கிற உண்ணிச்செடியுமே போதும்.

நட்டமும் உண்டு. பரண் மேல புகை படாததால சோளத்தில் வண்டு விழுந்துட்டுது. விதைக்கு மட்டும் கொட்டகையில தனியாப் புகை போடுறேன். புல் கூரை இனி எத்தனை வருசம் தாங்கும்னும் தெரியல.

புகைபோக்கி அடுப்பு ஒண்ணும் புதுசில்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அஸ்த்ராங்கிற குழு அப்பவே அஸ்த்ரா ஒலேன்னு அடுப்பு பண்ணினாங்க. மத்திய அரசே 1983-ல் புகையில்லா அடுப்புத் திட்டம் ஆரம்பிச்சு நாடு முழுக்க அடுப்பு போட்டுச்சு. 2002-ல் கையை விட்டாச்சு. அடுப்பு போட்டவங்க மூணாம் மாசம் திரும்பி வந்து குழாயில் கரி அடைச்சிருக்கான்னு பார்க்கல. அடைச்ச குழாயை ஜனங்க உடைச்சுப் போட்டுட்டாங்க. அப்புறம் 'கிராமத்து ஜனங்க மாற மாட்டாங்க'ன்னு பேச்சு. மாறினவனைப் பார்க்க ஒருத்தர் வரலையே ஐயா.

ஒரு சிலிண்டருக்குக் கொடுக்கிற மானியத்தில் ஒரு பங்கை, ஒரு கொத்தனாருக்கு இந்தப் புகை வழி போடக் கத்துக்கொடுக்கவும், வருசத்துக்கு ரெண்டு தடவை அவர் வந்து பார்க்கவும் கொடுங்கன்னுதான் கேக்குறேன். இதில் உங்களுக்கும் பங்கு இருக்கு. திட்டம் எழுதுறவங்க உங்க பக்கத்து வீட்டில்தான் இருக்காங்க, எங்க பக்கத்து வீட்டில் இல்லை.

எங்க வீட்டில் பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை மூங்கில் குச்சியில் சாக்குத் துணி கட்டிக் குழாய் துடைக்கிறது என் வேலை. "நான் நாப்பது வருசம் ஊதினேன், நீங்க குழாய் துடைங்க"ன்னு எங்க வீட்டம்மா எழுதாத சட்டம் போட்டுட்டா. வர்ற மார்கழிக்கு அந்தப் பொண்ணு மறுபடியும் வந்தா, திண்ணையில் படுக்க இடம் உண்டு. துடைக்கிற நாளா இருந்தா குச்சியின் ஒரு முனையைப் பிடிக்கணும்.