காருக்குள் புகையும் காருக்கு முன் கற்பூரமும்

சென்ற ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில் நமது தோழர் ஒருவர் தமது குடும்பத்தாருடன் ஒகேனக்கலுக்குச் சென்று, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வாடகைக் காரில் பென்னாகரம் வழியாகத் தர்மபுரிக்குத் திரும்பிக் கொண்டிருந்தாராம். ஈரத் தலையும் ஈரத் துணியுமாக ஆறு பேர் ஏறி உட்கார்ந்து, வெளியே தூறல் என்று கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, புழுக்கம் தாங்காமல் ஏ.சி.யை முழு வேகத்தில் வைக்கச் சொன்னார்கள். சிறிது நேரத்திற்கெல்லாம் முன்பக்கத்துக் காற்றுத் துவாரங்களிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை கிளம்பிற்றாம்.

உடனே ஒருவர் "தீப்பிடித்துவிட்டது, நிறுத்து" என்று கத்தினார். பாட்டியம்மாள் "காவேரித் தாயே கூட வந்துவிட்டாள்" என்று கன்னத்தில் போட்டுக் கொண்டார். டிரைவரோ, "முன்னால் கட்டின எலுமிச்சம்பழம் காய்ந்துபோச்சு, மாற்றாமல் வந்ததுதான் தப்பு" என்றார். கடைசியில் வண்டியை ஓரங்கட்டி, எல்லோரும் இறங்கி, வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார்களாம். தீப்பிடித்துவிட்டதென்று பயந்தவர்கள், அந்த வண்டிக்கு முன்னாலேயே தங்கள் கையால் தீயை வைத்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்லுவது! பிறகு ஏ.சி.யைக் குறைத்து வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். புகை வரவில்லை. ஆனால் அதற்குண்டான பெருமை ஏ.சி.யைக் குறைத்ததற்குக் கிடைக்கவில்லை; கற்பூரத்திற்கே கிடைத்தது. நம் நாட்டில் மகிமைகள் எல்லாம் இப்படித்தான் உற்பத்தியாகின்றன.

அத்தனை பேரிலும் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி மாத்திரம், "ஈரத் துணியோட உட்கார்ந்திருக்கோமே பாட்டி, அந்த ஈரந்தான் குளிர்பட்டு இப்படி வருது" என்றாளாம். "பொட்டைப் பிள்ளைக்கு என்ன தெரியும், வாயை மூடு" என்று அடக்கிவிட்டார்கள். நமது தோழரும் வாய் திறக்கவில்லையாம். அதற்காக வெட்கப்பட்டே இச்சங்கதியை நம்மிடம் சொன்னார். நாம் இதை எழுதுவது அந்தப் பெண்ணின் பொருட்டேயாகும்.

அவள் சொன்னதில் என்ன தவறு என்று பார்ப்போம். காற்றில் எப்பொழுதும் நீராவி கலந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. காற்று எவ்வளவுக்கெவ்வளவு சூடாயிருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அதிக ஆவியைத் தாங்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும்; அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டால் சுமார் 9 கிராமுக்கு மேல் தாங்காது. மீதி 21 கிராம் எங்கே போகும்? தண்ணீராகத்தான் ஆக வேண்டும். சில்லென்ற சோடா பாட்டிலின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனால்தான். அந்த வியர்வைக்கு எவரும் கற்பூரம் கொளுத்துவதில்லை.

காரின் ஏ.சி.யில் காற்றைக் குளிரச் செய்யும் சுருள் ஒன்றிருக்கிறது. அது தண்ணீர் உறையும் நிலைக்குச் சற்று மேலான குளிர்ச்சியில் இருக்கும். அதன் மேல் படும் காற்றிலுள்ள ஈரம் நீராகிச் சொட்டி, ஒரு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் விழுகிறது. நிறுத்தி வைத்த காரின் கீழே தண்ணீர் தேங்குவது அதுதான். அங்கிருந்து சில்லென்று வெளிவரும் காற்று, காருக்குள் இருக்கும் ஈரமான வெதுவெதுப்பான காற்றுடன் கலக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆவி சின்னஞ்சிறு துளிகளாகி வெண்மையாகத் தோன்றுகிறது. அது புகையுமல்ல, தேவதையுமல்ல, சுத்தமான தண்ணீரே. உள்ளே இருக்கும் ஈரம் குறைந்தவுடன் அதுவும் மறைந்துவிடும்.

ஈரமுள்ள இரண்டு காற்றுகள், ஒன்று குளிர்ந்தும் ஒன்று வெதுவெதுப்பாயும் இருந்து கலந்தால் நீர்த்துளி உண்டாகும் என்பதை ஜேம்ஸ் ஹட்டன் என்னும் அறிஞர் 1784-ஆம் ஆண்டிலேயே எடின்பரோவில் எடுத்துச் சொன்னார். அன்றியும், 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்னும் இளைஞர் ஏ.சி.க்கு வழி கண்டதே, புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி அச்சு சரியாக விழாமல் போன தொல்லையைத் தீர்ப்பதற்காகத்தான். ஈரத்தைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்த யந்திரத்தை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, அந்த ஈரத்தைப் பற்றியே கேள்வி கேட்ட பெண்ணை வாயை மூடு என்றால் இதைவிட அறியாமை வேறு வேண்டுமா?

நிற்க, ஒகேனக்கல் என்ற பெயரையே யோசித்துப் பாருங்கள். கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. அருவி பாறையில் மோதித் தெறிக்கும் திவலைகள் புகைபோல் எழுவதைக் கண்டு புகையும் பாறை என்று பெயர் வைத்தார்கள். பெயர் புகை என்றிருப்பதால் அதை அணைக்க யாராவது குடம் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்களா? பாறைமேல் கண்டால் தண்ணீர் என்று தெரிந்தவர்களுக்கு, காருக்குள் கண்டால் மாத்திரம் அறிவு ஏன் ஓடிப் போகிறது?

இது ஏதோ வேடிக்கைச் சங்கதி என்று தள்ளிவிடுவதற்கில்லை. உயிர் சம்பந்தப்பட்டதுமாகும். ஏ.சி.யின் பனி குளிர்ச்சியாயிருக்கும், நாற்றம் இராது, துவாரத்தை விட்டுச் சற்றுத் தள்ளினவுடன் மறைந்துபோகும், குளிரைக் குறைத்தால் நின்றுவிடும். உண்மையான புகையோ ரப்பரும் ஒயரும் கருகின நாற்றமடிக்கும், கண்ணைக் கரிக்கும், ஏ.சி.யை நிறுத்தினாலும் விடாது. அப்பொழுது செய்ய வேண்டியது வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தூரப் போவதேயல்லாமல் கற்பூரம் தேடுவதல்ல. தித்திப்பான வாடை வந்து கண்ணாடியில் பிசுபிசுப்புப் படிந்தால், என்ஜினைக் குளிர வைக்கும் திரவம் கசிகிறதென்று சந்தேகித்து மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் எலுமிச்சம்பழமே மருந்தென்று இருப்பவனுக்கு இந்த மூன்றும் ஒன்றாகத்தான் தோன்றும்.

மழைக்காலத்தில் முன்கண்ணாடி மங்குவதும் இதே கதைதான். உட்புறம் மங்கினால், வெளிக்காற்று வரும்படி வைத்து, ஏ.சி. காற்றைக் கண்ணாடிமேல் திருப்ப வேண்டும். வெளிப்புறம் மங்கினால், வைப்பரைப் போட்டுக் குளிரைக் குறைக்க வேண்டும். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் பல வண்டிகள் ஒன்றோடொன்று மோதி உயிர்கள் போயின. அப்படிப்பட்ட சாலையில் கண்ணாடி மங்கின நிமிஷத்தில் டிரைவரைக் காப்பாற்றுவது அவர் கையிலிருக்கும் சுவிட்சா, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் படமா என்று கேட்கின்றோம். இதோடு போகாமல், ஆயுத பூசையன்று திருஷ்டி கழிப்பதென்று பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்து, பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவனை வழுக்கி விழச் செய்கிறார்கள். தன் வண்டிக்கு விபத்து வரக்கூடாதென்று அடுத்தவன் வண்டிக்கு விபத்தை உண்டாக்குவதுதான் பக்தியா?

தர்மபுரிக்காரர்களுக்கு நாம் தூரத்து உதாரணம் காட்ட வேண்டியதில்லை. இந்த ஜில்லாவில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால் சிறுபிள்ளைகளின் பல் காவியேறியது. பெரியவர்களின் எலும்பும் மூட்டும் கெட்டன. இதை எவரும் ஏனென்று கேளாமல் பூர்வஜன்ம பாவம் என்று இருந்திருந்தால் இன்றும் அதே தண்ணீரைத்தான் எல்லோரும் குடிக்க வேண்டும். கேட்டதனால் காரணம் தெரிந்தது. காரணம் தெரிந்ததனால், ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013-இல் துவக்கப்பட்டது. காவேரித் தாய் காருக்குள் வந்ததாகச் சொல்லப்படுவதைவிட, காவேரித் தண்ணீர் குழாயில் வந்ததே நமக்குப் பெரிய காரியம்.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். பெண்ணைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பினால் மாத்திரம் போதாது. அங்கே படித்ததை அவள் வீட்டில் பேசுவதற்கு இடம் கொடுக்க வேண்டும். அவள் சொல்வது தப்பாயிருந்தால் ஏன் தப்பென்று எடுத்துக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். அன்று அந்தக் காரில் வாயை மூடியிருக்க வேண்டியது யார் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.