வேலுக்கு வணக்கம்! ஏந்திய கைக்கு விலக்கு!

கலையில் அரசியல் கலக்கலாமா என்று கேட்கின்றனர் சிலர். அரியணையைப் புகழும் பாட்டு மேடையேறினால் அவர்களுக்கு அது கலை; அரியணையை அசைக்கும் பாட்டு ஏறினால் மட்டும் அரசியல்!

அருப்புக்கோட்டைத் தறிக்காரரும் திருச்சுழிக் கரிசல் உழவரும் இதற்கு விடை அறிவர். திருவிழா இரவுகளில் விடிய விடிய அவர்கள் கண்ட நாடகம் வள்ளி திருமணம். மேடையிலே பரண், கையிலே கவண், வாயிலே ஆலோலம். வானம் பார்த்த பூமியில் கதிர் காத்தவனுக்கு இவற்றின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அந்தத் தினைப்புனத்திலேதான் அரசியலை விதைத்தார் விசுவநாத தாஸ். 1886-இல் சிவகாசியில் பிறந்தவர், திருமங்கலத்தில் வாழ்ந்தவர். பூண்டது முருகன் வேடம். பாடியது கொக்குப் பாட்டு. கொக்கு எனில் வெள்ளையன் என்று கொட்டகையே உணர்ந்தது, சிரித்தது, சினந்தது. நாடகத்தை அடக்க 1876-லேயே சட்டம் செய்த ஆட்சி அது. பலமுறை அவரைக் கைது செய்தது. ஆளைப் பிடிக்கலாம், கொக்கைப் பிடிக்க எந்தப் போலீசால் இயலும்?

விடுதலைக்குப் பின்பும் அந்த அச்சம் போகவில்லை. சென்னை மாநிலம் 1954-இல் தனக்கென ஒரு நாடகச் சட்டம் செய்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாவென உயர்நீதிமன்றம் கூற 2013 ஆயிற்று!

1940 டிசம்பர் 31. சென்னை மேடை. முருகன் வேடத்தில், மயில்மீது அமர்ந்து பாடுகையிலேயே உயிர் நீத்தார் தாஸ்.

ஆட்சி மட்டுமா அவரை வாட்டிற்று? முருகனாக வந்தவரைக் கும்பிட்ட சமூகமே, முடிதிருத்தும் மருத்துவர் குலத்தவர் என்று ஒதுக்கிற்று. அவரோடு வள்ளியாக நடிக்க மறுத்த நடிகையரும் உண்டு. குறவர்குடிப் பெண்ணை முருகன் மணந்த கதை அது. அதை நடிக்கச் சாதி பார்த்தனர்! இதனினும் பெரிய நையாண்டியை எந்த நாடக ஆசிரியன் எழுதவல்லான்?

இன்று நம் மேடைக்கு வருவோம். காலிக்குடம் ஏந்துகிறோம், பாடை கட்டுகிறோம், ஒப்பாரி வைக்கிறோம். நன்று. போராட்டம் முடிந்தபின், அந்தக் குடம் குழாயடியில் எல்லார் குடத்தோடும் ஒரே வரிசையில் நிற்கிறதா? முன்னே பறையடித்து வந்த தோழர் உங்கள் திண்ணையில் அமர்கிறாரா? இல்லையெனில் நம் குடமும் பாடையும் வெறும் நாடகச் சாமான்களே!

அடுத்த கூட்டத்துக்குப் பந்தல் போடுமுன், திண்ணையில் இடம் போடுங்கள், தோழர்களே!