பகல் ரத்தம்

எங்கள் ஆய்வகப் பணியாளர் சங்கத்துக்கு இந்த மாதம் தேர்தல். செயலாளர் பதவிக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். இலங்கை ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேறி, எழுபதுகளில் நிக்கோபாரின் கட்சால் தீவுக்கு வந்து, இங்கேயும் பால் வெட்டியே எங்களை வளர்த்தார். கடைசியில், "அங்க எங்களுக்கு ஓட்டே இல்ல புள்ள. நீ ஓட்டுக் கேக்குற ஆளாயிட்ட" என்றார். 1948-இல் அந்த நாட்டில் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. பின்னாலேயே ஓட்டும் போயிற்று. அப்பா முதன்முதலாக விரலில் மை வைத்துக்கொண்டது இந்தத் தீவில்தான்.

நான் நிற்பதற்குக் காரணம் ஒரு துளி ரத்தம். யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுப்பதென்றால் ராத்திரியில் எடுக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லித் தருவார்கள். நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் தோலடி ரத்தத்துக்கு வரும். அவற்றைக் கடத்தும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே. நான்கவுரி தீவுக் கூட்டத்தில், எங்கள் கட்சாலையும் சேர்த்து, கதை வேறு. இங்கே நோயைப் பரப்புவது டவுன்சியோமியா நிவியா என்ற காட்டுக் கொசு. மரப்பொந்துத் தண்ணீரில் வளர்ந்து பகலில் கடிக்கும். அதற்கேற்றபடி எங்கள் ஊர்ப் புழுக்குஞ்சும் பகலில்தான் அதிகமாகத் தெரியும். இந்தியாவில் வேறெங்கும் இப்படிக் கிடையாது. புதிதாக வரும் பிள்ளைகள் படித்த பழக்கத்தில் ராத்திரி டார்ச்சும் ஊசியுமாக வீடு வீடாகப் போனால், சிலைடில் எண்ணிக்கை குறைந்துவிடும். நோயுள்ளவரே நோயில்லாதவராகப் பதிவாகிப் போகலாம். அவர் காலில் வீக்கம் வருவது எத்தனையோ வருடம் கழித்து. இதைப் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரமாவது தனியாக நடத்துங்கள் என்று சங்கத்துக்கு மூன்று முறை எழுதினேன். கூட்டத்துக்கு நேரில் வந்து தீர்மானம் கொண்டுவரச் சொன்னார்கள்.

நேரில் வருவது! கட்சாலிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் ஓர் இரவாவது கழிய வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பலே வராது. ஓட்டுப் போடுவதும் கூட்ட அறையில் கைதூக்கித்தான். ஆழிப்பேரலைக்கு முன், 2001 கணக்கெடுப்பில் இந்தத் தீவில் 5,312 பேர். 2011-இல் 2,685. மக்களே பாதியான இடத்தில் சங்க உறுப்பினர் எத்தனை பேர் இருந்துவிட முடியும்?

சர் சி. வி. ராமனை இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் கல்கத்தாவில் தொடங்கிய அறிவியல் வளர்ப்புச் சங்கத்தின் ஆய்வகத்தில், கணக்குத் துறை வேலைக்கு முன்னும் பின்னும் உழைத்தவர் அவர். 1919 முதல் அதற்குக் கௌரவச் செயலாளர். 1928-இல் ராமன் விளைவைக் கண்டதும் அங்கேதான். கூடவே நின்றவர் வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணன். 1933-இல் ராமன் பெங்களூருக்கு இயக்குநராகப் போனார். மறு வருடமே, யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்ற தகராறு முற்றி, உறுப்பினர் கூட்டத்து ஓட்டில் சங்கம் அவர் கையைவிட்டுப் போனது. நோபல் பரிசுகூட அந்த அறையில் ஓர் ஓட்டாக எண்ணப்படவில்லை. படிக்கும் காலத்தில் எனக்கு இதில் கோபம் கோபமாக வரும். இப்போது அவருக்கு எதிராக நின்றவர்களையும் யோசிக்கிறேன். கல்கத்தாவில் இருந்தவர்கள் தங்கள் ஊர் ஆய்வகத்தை வெளியூரிலிருந்து ஒருவர் நடத்த வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அது தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சங்கம் என்பது அறைக்குள் வந்து சேர முடிந்தவர்களின் சொத்தாக மட்டும் ஆகிவிடக் கூடாது.

அதனால் நான் கேட்பது இரண்டே. வெளித்தீவு உறுப்பினர்களுக்குத் தபால் ஓட்டு. பயிற்சியில் பகல் ரத்தத்துக்கு ஒரு மணி நேரம். சக வேட்பாளர் போனில், "அக்கா, நீங்க ஜெயிச்சாலும் மாசாமாசம் கூட்டத்துக்கு எப்படி வருவீங்க?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். அதைப் போனிலேயே நடத்தலாமே தம்பி, இப்போது நாம் பேசவில்லையா என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. இருந்தும் இன்று விடிவதற்குள் எழுந்து, எனக்குக் கப்பல் டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்கப் போய்விட்டார்.