குண்டை அளக்கும் அளவுகோல்

ஒரு துப்பாக்கித் தோட்டாவின் தராதரத்தைப் பேச வருவோர், அதன் வேகம் இன்னது, அது துளைக்கும் தகட்டின் கனம் இன்னது என்று சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் குண்டு மனித சரீரத்தினுள் புகுந்தபின் என்ன செய்கிறது என்பதுதான், யுத்த தர்மம் என்ற ஒன்றை ஒப்புக்கொண்ட தேசங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் திடமான அபிப்பிராயம்.

சோவியத் ராணுவம் 1974-இல் ஏ.கே.74 துப்பாக்கிக்கென ஏற்றுக்கொண்ட 5.45 மி.மீ. தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். அதன் குண்டை நெடுக்காக அறுத்துப் பார்த்தால், உறைக்குள்ளே மெல்லிய ஈயம் சூழ்ந்த உருக்குத் தண்டும், அதன் முன்னே சிறிதளவு ஈயமும், முனையில் வெற்றிடமும் இருக்கக் காணலாம். இவ்விதம் முனை காலியாகிப் பாரம் பின்னே தங்கியிருப்பதால், காற்றில் சுழற்சியின் பலத்தால் நேராகச் செல்லும் அக்குண்டு, காற்றைவிடப் பன்மடங்கு அடர்ந்த தசையில் நுழைந்தவுடன் நிலைகுலைந்து குறுக்கே திரும்பிவிடுகிறது. அமெரிக்க ராணுவத்தின் ரணசிகிச்சை நிபுணர் மார்ட்டின் ஃபாக்லர், நூற்றுக்குப் பத்துப் பங்கு ஜெலட்டின் சேர்த்து உறையவைத்த கட்டிகளில் சுட்டுப் பரீட்சித்தபோது, பழைய ஏ.கே.47-இன் குண்டு ஏறத்தாழ 26 செ.மீ. வரை முனை முன்னாகவே சென்றது. புதியதோ 7 செ.மீ. ஆழத்திலேயே திரும்பத் தொடங்கியது. பழையதன் ஆற்றல் சுமார் 2,000 ஜூல், புதியதற்கு 1,400 தான் என்பதை நினைத்தால், தொடையை ஊடுருவிச் சிறு துவாரத்தோடு வெளியேறக்கூடிய குண்டு எது, உள்ளேயே புரண்டு தசையைக் கிழிக்கும் குண்டு எது என்பதை ஆற்றலின் கணக்கு ஒருபோதும் சொல்லாது என்பது விளங்கும். அமெரிக்கரின் 5.56 மி.மீ. குண்டு, திரும்பும்போதே உடைந்து சிதறி இதைவிடக் கொடிய ரணத்தை உண்டாக்கியதையும் அவருடைய பரீட்சைகளே காட்டின. ஆகவே நான் சொல்வது ஒரு தேசத்தின் மீது சுமத்தும் குற்றமன்று.

சரீரத்தில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளை 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் விலக்கியது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் ஆங்கிலேயர் செய்த குண்டே அந்தத் தடைக்கு முக்கிய காரணம். முழு உறையோடு விளங்கி, விரியாமலும் தட்டையாகாமலும் புரள மட்டுமே செய்யும் உருக்குத் தண்டுக் குண்டு, அந்தப் பிரகடனத்தின் வாசகத்துக்கு முற்றிலும் அடங்கியதே. அதன் நோக்கத்துக்கு அடங்கியதா என்பதை எவரும் அறுதியிட்டுத் தீர்க்கவில்லை. 1979-இல் ஜெனீவாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மகாநாடு, சிறு விட்டமுள்ள ஆயுதங்களை உருவாக்குவதில் மிகுந்த கவனம் வேண்டும் என்று அரசுகளை வேண்டிக்கொண்டதே தவிர, கட்டுப்படுத்தும் விதி எதையும் இயற்றவில்லை.

குண்டின் வடிவத்தை விடுத்து அது விளைக்கும் ரணத்தையே சட்டம் அளக்க வேண்டும். எந்தப் புதிய தோட்டாவையும் படைக்கு வழங்குமுன் அதன் ஜெலட்டின் பரீட்சையைப் பகிரங்கப்படுத்தியாக வேண்டும் என்ற விதியை, டம்டம் என்ற பெயரை உலகம் மறவாதிருக்கும் நம் தேசமே சர்வதேச சபையில் முன்மொழிய வேண்டும்.